மூன்று பெட்டிகளும் இரண்டு காதுகளும்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு கேபிள் கம்பெனிக்காரன் ஏதோ ஒரு பொங்கலுக்குக் கொடுத்தது. இன்றுதான் பிரித்தேன். முதல் பக்கத்தில் 'கன்வர்ட்டர் தேர்வு' என்று எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. முப்பத்து நான்கு வருஷம் ஒலிப்பதிவு செய்த ஒருவன் ஒரு பெட்டியை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பது பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்.

கன்வர்ட்டர் என்றால் என்ன என்று கேட்கும் அப்பாவிகளுக்காக: பாடகர் மைக்கில் பாடுவதை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புவதும், அந்த எண்களைத் திரும்பச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதும் அதுதான். அது கெட்டால் எல்லாம் கெட்டது.

சாலிகிராமத்தில் என் 'ஒலிமுற்றம்' ஸ்டூடியோவில் அது கெட்டுவிட்டது. போன மாதம் நான் மிக்ஸ் செய்து, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து, அனுப்பிய மூன்று பாட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. கடைசியாக வந்தது அகரனுடையது. இசையமைப்பாளன், வயது இருபத்தொன்பது, இது மூன்றாவது படம். மரியாதை தெரிந்த பையன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஜால்ரா ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி காதுல குத்துது. எங்கம்மா பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தடவை பண்ணிக் குடுங்க சார். அதுவும் சரியா வரலைன்னா அஞ்சு பாட்டையும் வடபழனியில வேற ஸ்டூடியோவுல குடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

இந்தப் படமும் போனால் ஸ்டூடியோவை டப்பிங் தியேட்டராக்கி, சீரியல் மாமியார்கள் தும்முவதைப் பதிவு செய்ய வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. நோட்டில் எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

ஏப்ரல் வரை ஒரு புகார் கிடையாது. மே மாதம் என்ன மாறியது? அறை அதே. ஸ்பீக்கர் அதே. ஆள் நானே, காதும் இதே. சொல்லப்போனால் மே மாதம் என் உதவியாள் ஜெசிந்தாகூட இல்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று தூத்துக்குடி போய்விட்டாள். குறுக்கே பேச ஆளில்லாமல் நிம்மதியாக வேலை செய்தேன். ஆக, மிச்சமிருப்பது கன்வர்ட்டர். இதற்குப் பெயர் தர்க்கம்.

ஜூன் 5, வியாழன்

மனைவி வசுமதியோடு சண்டை. புது ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து போட்டால் கத்துமாம், நான் சாத்தாமலே போய்விடுகிறேனாம். அந்த ஃபிரிட்ஜ் ஒருநாளும் கத்தியதில்லை. சர்வீஸ்காரனை வரவழைத்தேன். கதவைத் திறந்து வைத்து ஒரு நிமிஷம் நின்றான். "நல்லா கத்துதே சார்" என்றான். வீட்டுக்கு வீடு வசுமதி மாதிரி ஒருத்தியிடம் வேலை பார்த்துப் பழகியவன், வேறென்ன சொல்வான்.

ஜூன் 7, சனி

ஜெசிந்தாவைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. பதினான்கு வருஷமாக என் உதவி இன்ஜினியர். நாற்பத்திரண்டு வயது. மைக் வைப்பதில் கெட்டிக்காரி. நான் பாட்டை மிக்ஸ் செய்து முடித்து ஐந்தரைக்கு வாக்கிங் கிளம்பியதும் அவள் 'பேக்கிங்' செய்வாள். பேக்கிங் என்றால் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, ஃபைலுக்குப் பெயர் வைத்து, இசையமைப்பாளருக்கு அனுப்புவது. குமாஸ்தா வேலை.

கேட்கும் திறமைதான் கொஞ்சம் மட்டு. சில வருஷம் முன்னால் என் மிக்ஸைக் கேட்டு "மேல கொஞ்சம் கூர்மையா இருக்கு சார்" என்றாள். காது டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், அக்கறையோடுதான். பார்த்துவிட்டும் வந்தாள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பாவம், மனசு கஷ்டப்படும்.

இன்று கன்வர்ட்டர் விஷயத்தைச் சொன்னதும், "சார், கன்வர்ட்டர் நல்லாத்தான் இருக்கு. மே மாசப் பாட்டை நான் ஒரு தடவை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"நீதான் ஊர்லயே இல்லையேம்மா, உனக்கு என்ன தெரியும்?" என்றேன். கேபிள் சுருட்டப் போய்விட்டாள்.

மாலையில் 'பொற்செவியர்' வாட்ஸப் குழுவில் யோசனை கேட்டேன். ஸ்டூடியோ முதலாளிகள் பன்னிரண்டு பேர். ஒருவர், எந்தக் கன்வர்ட்டர் வாங்கினாலும் தேக்குப் பலகைமேல் வைக்கச் சொன்னார். இன்னொருவர் பலா என்றார். தேக்கா பலாவா என்று நூற்றுப் பதினேழு மெசேஜ். கன்வர்ட்டர் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

பெங்களூரிலிருந்து பிரகலாத் வந்தான், பொற்செவியர் குழுவில் பதின்மூன்றாவதாக ஒட்டிக்கொண்டிருப்பவன். விற்பனைக்காரன் என்று சொன்னால் கோபம் வரும். விசிட்டிங் கார்டில் 'கேட்டல் ஆலோசகர்' என்று போட்டிருக்கிறான். மூன்று பெட்டிகள் கொண்டுவந்திருக்கிறான். ஒவ்வொன்றும் ஒரு கார் விலை. மூன்று வாரம் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

"சார், இது பாக்ஸ் இல்ல. இது ஒரு அனுபவம்" என்று முதல் பெட்டியைத் தடவினான்.

"மத்த ரெண்டும்?"

"அதுவும் அனுபவம்தான் சார். வேற வேற அனுபவம்."

ஜெசிந்தா இருமினாள். காபி புரை ஏறியதாம்.

ஜூன் 12, வியாழன்

இணைப்பு வேலை முழுவதும் நானே செய்தேன். இதில் யாரையும் கை வைக்க விடக்கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரே பாட்டு நான்கு கன்வர்ட்டருக்கும் ஒரே நேரத்தில் போகும், பழையது ஒன்று, புதியவை மூன்று. நான்கும் ஒரு சுவிட்ச் பெட்டிக்கு வந்து அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகும். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதன் விளக்கு எரியும், அந்தக் கன்வர்ட்டர் பாடும்.

சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் 'நேர்வழி' என்று தனியாக ஒரு துளை இருக்கிறது. மிகச் சுத்தமான வழி அதுதான். பதினோரு வருஷம் உழைத்த பழைய கன்வர்ட்டருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தேன். தோற்கப் போகிறவருக்கு நல்ல நாற்காலியாவது போடவேண்டும் அல்லவா.

ஜூன் 14, சனி

முதல் பெட்டி. பழையதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். குரல் வெண்ணெயாக வழிகிறது. ஆனால் தபலாவில் கொஞ்சம் அசட்டுத்தனம்.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது பெட்டி. அசட்டுத்தனம் இல்லை, ஆனால் கர்வம் இருக்கிறது. வயலின் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றாள். பதினான்கு வருஷம் கூட இருந்தும் இவ்வளவுதான். வருத்தமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

டி.வி.யில் தமிழ்ப் படத்துக்கும் கீழே எழுத்து வரும்படி வைத்திருக்கிறேன். வசுமதி ஏன் என்றாள். இப்போது நடிக்கிறவர்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதனால் என்றேன். "நான் பேசறதுக்குக் கீழயும் எழுத்து வரணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாவது பெட்டி. கண் கலங்கிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பொற்செவியரில் நான்கு பேரை வரவழைத்துக் கேட்பு விழா நடத்தினேன். புதுப் பெட்டி வாங்குமுன் இப்படிக் கூட்டி உட்காரவைத்துத் தீர்ப்பு வாங்குவது எங்கள் வழக்கம். வாழைக்காய் பஜ்ஜி, தேங்காய்ச் சட்னி. பிரகலாதும் வந்துவிட்டான்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பட்டனை மாற்றும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு. ஒருவர் முதல் பெட்டியில் பாடகிக்கு ஜலதோஷம் என்றார். இன்னொருவர் ஜலதோஷம் பாடகிக்கே இருந்தது, பெட்டி அதை மறைக்காமல் சொல்கிறது என்றார். மூன்றாமவர் இரண்டாவது பெட்டிக்காக அடிதடிக்கே போய்விட்டார். பிரகலாத் எல்லோருக்கும் தலையாட்டினான். நாலாமவர் மட்டும் பஜ்ஜி தீரும்வரை கருத்துச் சொல்லவில்லை, அப்புறம் "பழசும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரை இனிக் கூப்பிடக்கூடாது.

என் தீர்ப்பு மூன்றாவது பெட்டி. கூட்டம் நடக்கும்போது ஜெசிந்தா சட்னிக் கிண்ணத்தோடு, பெட்டிகளை அடுக்கியிருக்கும் ராக்குக்குப் பின்பக்கம் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. சட்னியைக் கேபிளில் சிந்திவிட்டாளோ என்று பயந்து போய்ப் பார்த்தேன், சிந்தவில்லை.

ஜூன் 25, புதன்

அகரன் பாட்டை மூன்றாவது பெட்டியில் கேட்டுக் கேட்டு மறுபடி மிக்ஸ் செய்தேன். மேல் ஸ்தாயியை ஏற்றி நல்ல காற்றோட்டம் கொடுத்தேன். பழைய மிக்ஸில் அது போதவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஐந்தரைக்கு ஜெசிந்தா வந்தாள். "நீங்க கிளம்புங்க சார், நான் பேக்கிங் பண்ணி அனுப்பிடறேன்."

"வேண்டாம். இந்தப் பெட்டியோட சவுண்டு அப்படியே போகணும். நானே அனுப்பறேன்."

"சார், ஒரே ஒரு தடவை கேட்டுட்டு..."

"ஜெசிந்தா, நான் அனுப்பிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஃபைலை அனுப்பியதற்கு இவ்வளவு சோகமா.

ஜூன் 26, வியாழன்

காலை பத்தரைக்கு அகரனே நேரில் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"சார், போன தடவையை விட மோசமா இருக்கு. என்ன சார் ஆச்சு உங்களுக்கு?"

உட்காரச் சொன்னேன். அவன் கேட்டது மொபைல் ஹெட்போனில், அதனால்தான் என்றேன். பாட்டை ஓடவிட்டு முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று பட்டன்களை அழுத்திக் காட்டினேன். "இப்ப பாரு, கதவு திறந்த மாதிரி இல்ல?"

"ஒரு வித்தியாசமும் தெரியல சார்."

"காதைத் தீட்டிக் கேளு தம்பி."

"சார், காது குத்துதுன்னு சொல்றேன், நீங்க தீட்டச் சொல்றீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் என்று ஏதேதோ பேசினேன். ஜெசிந்தா எழுந்து ராக்குக்குப் பின்னால் போனாள். பாட்டு நின்றது.

மூன்றாவது பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இரண்டை அழுத்தினேன், விளக்கு மாறியது, சத்தம் இல்லை. ஒன்று. சத்தம் இல்லை. ஜெசிந்தா ஒரு கேபிள் முனையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். பழைய கன்வர்ட்டரின் கேபிள்.

"நேர்வழியில ஏதாவது செருகியிருந்தா முன்னால இருக்கற பட்டன் வெறும் விளக்கைத்தான் மாத்தும் சார். ரெண்டு வாரமா நாம கேட்டது எல்லாமே பழசுதான். ஞாயித்துக்கிழமையே பார்த்துட்டேன். நாலு பேர் முன்னால எப்படிச் சொல்றதுன்னு..."

அகரன் தரையைப் பார்த்தான். மரியாதை தெரிந்த பையன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினான்.

வெண்ணெய், கர்வம், கண்ணீர் எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது. பக்கங்களைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கேபிள் கம்பெனிக்காரன் நல்ல தைத்த நோட்டாகக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் எல்லாவற்றையும் சரியாக இணைத்துத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நான்கும் எனக்கு ஒன்றுதான்.

அப்புறம் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தேன். ஏப்ரலில் எல்லோரும் பாராட்டிய பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நான் செய்தது எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில், நான் போடாத ஒன்று. அதற்குப் பெயர் 'பேக்கிங்'. கோடு நடுவரை நேராக வந்து, மேல் ஸ்தாயியில் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது. நான் ஏற்றிய கூர்மையையெல்லாம் அது இறக்கி வைத்திருந்தது. மார்ச் பாட்டைத் திறந்தேன். அதிலும் இருந்தது. போன வருஷம். அதற்கு முந்தைய வருஷம். ஒலிக்கலவைக்காக எனக்கு விருது கிடைத்த பாட்டிலும் இருந்தது. வருஷம் போகப் போகச் சறுக்கல் செங்குத்தாகிக்கொண்டே வந்தது.

மே மாதப் பாட்டுகளில் மட்டும் இல்லை.

ஜெசிந்தா வந்ததும் திரையைக் காட்டினேன்.

"எப்போலேர்ந்து?"

"ஆறு வருஷமா சார்."

"என் வேலையில என்னைக் கேக்காம கை வச்சிருக்கே. ஏன் சொல்லல?"

கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தூத்துக்குடி வெளியே வரும். "என்ன சார் இப்படிப் பேசுதீங்க? சொன்னேம்லா. மேல கூர்மையா இருக்குன்னு சொன்னேன். நீங்க என்னையக் காது டாக்டரைப் பாக்கச் சொன்னீங்க. பாத்தேன். எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாவ. அந்தப் பேப்பரை உங்க மேஜையிலதான் வச்சேன். நீங்க அது மேல காபி டம்ளரை வச்சிட்டீங்க."

மேஜையைப் பார்த்தேன். அப்புறம் அவளே, "பேசிப் பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சதும் வேலையைப் பாத்தேன் சார்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அறையில் ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜூன் 28, சனி

ஜெசிந்தா என் நாற்காலியில். நான் விருந்தாளிகள் உட்காரும் சோபாவில். பதினைந்து வருஷமாக அந்த சோபாவில் ஸ்ப்ரிங் குத்துவது எனக்குத் தெரியாது, ஒரு விருந்தாளியும் சொன்னதில்லை.

நாலு மணிநேரத்தில் முடித்தாள். பழைய கன்வர்ட்டரில். அகரன் வந்து கேட்டான். பாட்டு முடியுமுன்பே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார்! இதுதான் சார் உங்க சவுண்டு. இதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஜெசிந்தா ஃபைலுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆட்டியிருக்கக்கூடாது.

ஜூலை 2, புதன்

பிரகலாத் பெட்டிகளை எடுத்துப்போக வந்தான். "எது சார் ஃபைனல்?" பழையதே என்றேன். ஒரு நொடி திகைத்தவன், "சூப்பர் சார்! இதைக் கேட்டுக் கண்டுபிடிக்க உங்க காது வேணும்" என்றான். பொற்செவியர் குழுவிலும் அதைப் போட்டுவிட்டான். மூன்று கார் விலைப் பெட்டிகளைத் தூக்கி எறிந்த செவி என்று பதினொரு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். நான் மிச்சம் ஒருவன்.

ஜூலை 8, செவ்வாய்

காது டாக்டரிடம் போனேன், வசுமதியும் கூட வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டதும் அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் மளமளவென்று அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"மெஷின் ரிப்பேராம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஏழு சத்தம் போயிடுச்சு" என்றார் சோதனை செய்த பெண். சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே கண்ணாடி வழியாக வசுமதி தெரிந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது மெஷினில் மூன்று மாடல் எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சின்ன மைக் இருக்கு சார். சத்தத்தை நம்பரா மாத்தும், உங்களுக்கு வேணுங்கற மாதிரி சரிபண்ணும், திரும்ப சத்தமாக்கி காதுக்குள்ள விடும்."

கன்வர்ட்டர். மறுபடி மூன்று பெட்டி. நேர்வழித் துளை எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கத்தியது. கர்ண கடூரமாகக் கத்தியது. சாத்தினேன். திறந்தேன். கத்தியது. "போதும் போதும், பாலு கெட்டுப்போயிடும்" என்றாள் வசுமதி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ஸ்டூடியோவுக்குப் போய் நான் ஜூன் 25 அன்று அனுப்பிய மிக்ஸை ஓடவிட்டேன். நாற்பது நொடிகூடத் தாங்கவில்லை. அகரனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குழுவில் ஒருவர், கடைசியில் புதிதாக ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டிருந்தார். இரண்டு வாங்கினேன், சின்ன மாடல், காதுக்குப் பின்னால் வைப்பது என்று உண்மையை எழுதினேன். குழுவில் பேச்சு உடனே தேக்குப் பலகைக்குத் திரும்பியது. அப்புறம் பஜ்ஜி தின்றவர் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினார்: 'அந்த டாக்டர் நம்பர் குடுங்களேன்.' சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர், ஒவ்வொருவரும் தனித்தனியாக, தங்கள் மாமனாருக்காகக் கேட்பதாகச் சொன்னார்கள்.

ஜூலை 14, திங்கள்

அகரன் ஆபீசிலிருந்து படத்தின் டைட்டிலில் போட விவரம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. அவனுக்கு முதலில் போன் செய்து, அந்தச் சவுண்டு ஆறு வருஷமாக என்னுடையதல்ல என்று சொன்னேன். "அப்போ மீதி நாலு பாட்டுக்கும் யார்கிட்ட பேசணும் சார்?" என்று கேட்டான். போனை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன்.

'ஒலிக்கலவை' என்ற இடத்தில் ஜெசிந்தா பெர்னாண்டோ என்று எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அதற்குக் கீழே 'உதவி' என்று ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே திருஞானம் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

இரண்டு தரம் படித்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். படிவத்தை மேஜையில் வைத்தாள்.

"உதவின்னா வேலை செய்யணும் சார். ரெண்டு மணிக்கு அகரன் பாடகியோட வர்றாரு. அந்தக் கேபிளை எல்லாம் சுருட்டி வைங்க."

சுருட்டினேன். கேபிள் மரத்தரையில் இழுபடும்போது ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. அது இவ்வளவு நாளும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.